பட்டாளத்து மாத்திரையும் உன் இடக்கை முறுக்கும்

இடக்கையாலேயே எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட என் சரசக்காவுக்கு,

நீ எனக்கு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து ஆறு நாள் ஆகிறது. இன்னும் எனக்கு ஒன்றும் புரிபடவில்லை. இது கோபமா, அழுகையா? நீ இருந்தால் உன்னிடமே கேட்டிருப்பேன்.

நீ காய்ச்சலில் படுத்த அன்று தறியில் புதுப் பாவு நூல் முக்கால்வாசி பிணைத்தபடி நின்றது. பழைய பாவின் நுனிகளோடு புது இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்துக்கொண்டு வந்தோம். நீ இடது ஓரத்திலிருந்து, நான் வலது ஓரத்திலிருந்து. "நடுவுல பார்க்கலாம் புள்ள" என்றாய். நடுவில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது படுத்தாய். பிறகு நீ எழவே இல்லை.

ஒரு மாதம் யாரும் தறிப்பக்கம் போகவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் அப்பா என்னிடம் வந்து நின்றார். "சாமி, அந்த ஒரு சாணைப் பிணைச்சுட்டீன்னா நான் தறியில உக்காந்துருவேன். நீதான் நல்லாப் பிணைப்பியே" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது?

மூன்று நாள் உட்கார்ந்தேன் அக்கா. கை நாலாவது இழையில் இருக்கும், மனசு எங்கேயோ போயிருக்கும். தெருவில் ஒரு வண்டி போனால் அதோடு போகும். எதிர்வீட்டில் யாராவது இருமினால் அங்கே போகும். திரும்பி வரும்போது எந்த இழையில் விட்டேன் என்று தெரியாது. ஓர் இழை தப்பினால் அடுத்தது எல்லாம் ஒரு இடம் தள்ளிப் போய்விடும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய்? அது நினைவுக்கு வந்ததும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்த்து, விரலில் இருக்கிற சாம்பல் சேறாகிவிடும். மூன்று நாளில் நாலு விரற்கடைகூட முடியவில்லை. கட்டியதையும் பாதி அவிழ்த்தேன்.

நம் மாமன் பட்டாளத்திலிருந்து வந்துவிட்டார். அம்மாவின் தம்பியைப் பார்க்காமலேயே போய்விட்டாயே. பர்மாப் பக்கம் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிற வேலையாம் அவருக்கு. வந்த இரண்டாம் நாள் என் கை ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்புள்ள, இதுக்கு எத்தன தடவ உப்புப் போட்ட?"

"ஒருக்காத்தானுங்க மாமா."

"ஒருக்காவா! எங்க பட்டாளத்துச் சமையக்காரன் காலுல உழுந்து கும்புடலாம் போ."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். மாமன் பின்னாலேயே வந்தார். பாவு விஷயத்தை அவரிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பேசவே வராத எனக்கு அன்றைக்கு மட்டும் கொட்டிவிட்டது. அவர் ஒரு சின்னத் தகர டப்பாவைத் திறந்து, ஒரு வெள்ளை மாத்திரையை இரண்டாக உடைத்து, இரண்டையும் என் கையில் வைத்தார்.

"தூங்காம முழிச்சிருக்கறதுக்கு எங்களுக்குக் குடுப்பாங்க. நெலகொள்ளாம ஓடற மனசையும் இது உக்கார வெக்குமுன்னு அங்க ஒரு டாக்டரு சொன்னாரு. நாளைக்குக் காத்தால பாதி போடு. ஊட்ல யாருகிட்டயும் மூச்சு உடாத."

காலையில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டேன்.

அக்கா, அதை உனக்கு எப்படிச் சொல்வேன்? அரை மணி கழித்து என் தலைக்குள் சத்தம் நின்றுபோயிற்று. தெருவில் வண்டி போனது, நான் போகவில்லை. ஓர் இழையைப் பிடித்தால் அந்த இழை மட்டும் இருந்தது. அதை முடித்ததும் அடுத்தது தானாகக் கைக்கு வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாருக்கும் எப்போதும் இப்படித்தான் இருக்குமா? உனக்கு இப்படித்தான் இருந்ததா? என்னை மண்டு என்று கடைசி வரிசையில் உட்காரவைத்த வாத்தியாருக்கும், என்னோடு படித்த பிள்ளைகளுக்கும் பிறந்ததிலிருந்தே இப்படியா? பதினைந்து வருஷமாக நான் மட்டுமா அந்த இரைச்சலுக்குள் இருந்தேன்?

உச்சிப்பொழுதுக்குள் நடு ஒரு சாணும் முடிந்துவிட்டது. எனக்கு நிறுத்த மனசில்லை. சரி, நான் முன்பு பிணைத்ததையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வலதுபக்கம் போனேன்.

அங்கேதான் உன்னைப் பார்த்தேன்.

என் முறுக்கு வலப்பக்கம் சாயும். உன்னுடையது இடக்கை முறுக்கு, மற்றப் பக்கம் சாயும். என் பக்கத்தில், நானே பிணைத்தேன் என்று நினைத்திருந்த இடத்தில், உன் முறுக்குகள் இருந்தன. முதல் விரற்கடையில் ஏழு. அடுத்ததில் ஒன்பது. தள்ளிப்போய்ப் பார்த்தால் ஓர் இடத்தில் வரிசையாகவே நீதான். நான் சாப்பிடப் போனபோது என் தப்பை அவிழ்த்துத் திருத்தினாயா? தண்ணீருக்குப் போனபோதா? "என்னைவிட உன் கை சுத்தம் புள்ள" என்று அம்மா எதிரிலேயே சொன்னாயே, சரசக்கா! அதை நம்பித்தானே நான் இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்?

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. இது பழைய பயம், எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் இந்தத் தடவை அது நிற்கவில்லை. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். பாதி மாத்திரை மனசை உட்கார வைத்ததே, மீதிப் பாதி பயத்தையும் உட்கார வைத்துவிடும் என்று நினைத்தேன். எடுத்து விழுங்கிவிட்டேன்.

பயம் உட்காரவில்லை, எழுந்து நின்றது. தொண்டைக்குள் நெஞ்சு துடித்தது. விரல் நடுங்கிப் பாவைப் பிடிக்க முடியவில்லை. மூச்சு மேலேயே நின்றுவிட்டது. மனசு என்னவோ அசையாமல்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு நினைப்பின் மேல் அசையாமல் இருந்தது. உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, இன்றைக்கு நானும் போகப்போகிறேன் என்று. அம்மா பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. "இவளுமா! அய்யோ, இவளுமா!" என்றாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாமன் டப்பாவோடு வந்து தானே ஒத்துக்கொண்டார். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குக் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு போனார்கள்.

அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். மாமனிடம் எல்லாம் விசாரித்து, டப்பாவை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். "மனசு ஓடுவது ஒன்று. பயம் வேறொன்று. ரெண்டும் இந்தப் பெண்ணிடம் இருக்கு. ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதைக் கிளப்பிவிட்டிருக்கு. உயிருக்கு ஒன்றுமில்லை, இது இறங்கிவிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் படபடப்பு உனக்கு எத்தனை நாளாக?" என்று கேட்டார்.

அம்மா உடனே, "அவ அக்கா போனதுல இருந்துதானுங்க" என்றாள்.

"நான் உங்களையா கேட்டேன்?" என்றார் டாக்டரம்மா.

பள்ளிக்கூடம் போகிற வழியில் பயத்தில் நான் வாந்தி எடுத்ததும், நீ முந்தானையால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாததும், அதனால்தான் நான் அஞ்சாம் வகுப்போடு நின்றேன் என்பதும் உனக்கு மட்டும்தானே தெரியும்? ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். "செவ்வாய்க்கிழமை வா. அதுவரை மாத்திரை கிடையாது. நீ சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வேன்" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் உன் முறுக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்குத் தெரியாதா கண்ணு? உங்கக்காகிட்ட ஒருக்காக் கேட்டேன். 'அவ பயந்த புள்ளைங்கப்பா, சொல்லிப்போடாதீங்க'ன்னு எங் கையப் புடிச்சுக்கிட்டா."

அப்பாவுக்கும் தெரியும்! தெரிந்துதான் "நீதான் நல்லாப் பிணைப்பியே" என்றாரா? எல்லாருமாகச் சேர்ந்து என்னை இப்படியா ஏந்திக்கொண்டிருந்தீர்கள்? ஏன் அக்கா ஒருத்தருக்கும் என்னிடம் சொல்லத் தோன்றவில்லை?

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், திட்டாதே. எனக்கு அந்த மாத்திரை வேண்டும். நெஞ்சு வெடிக்கப் பார்த்த பிறகும் வேண்டும். அந்தக் காலைநேர அமைதியை ஒரு தடவை பார்த்தபின் இந்த இரைச்சலுக்குள் இருக்க முடியவில்லை. அம்மா சொன்னதே சரி, பயமெல்லாம் நீ போனதால் வந்தது, போய்விடும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னால் ஒருவேளை கொடுத்துவிடுவார். சின்ன வயசிலிருந்தே இருக்கிறது என்றால் ஒருவேளை எப்போதுமே தரமாட்டார். ஆறு நாளாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னால் திருத்திவைக்க இனி நீ இல்லை.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அம்மாவை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிட்டேன். நான் மட்டும் உள்ளே போவேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். வாந்தி எடுத்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்வேன். மாத்திரை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, ஒன்றையும் மறைக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
உன் சின்னவள் பொன்னு