மாமாவின் கார் இப்போது நம் வாசலில்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் நலம் என்று போனில் சொன்னாய், நடுநடுவே இருமினாய், எதை நம்புவது என்று நானே முடிவு செய்துகொண்டேன். சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தால் ஈர உடையை முதலில் மாற்று, பிறகு போனைப் பார். சரி, விஷயத்துக்கு வருகிறேன், கார் வாங்கியாகிவிட்டது. மலைப் பந்தயத்துக்கு நீ வரும்போது உன் சைக்கிள் சக்கரம் கழற்றாமல், முழுசாக, காருக்குள்ளேயே படுத்துக்கொண்டு வரும். போனில் சொன்னால் மாமாவை விட்டுடும்மா என்று நீ நடுவில் ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நான் விடவில்லை. தேர்வுப் பந்தயத்தன்று மாமாவிடம் வாங்கிய பழைய கார் பாலம் தாண்டி ஏற்றத்தில் நின்றுபோனது உனக்கு மறந்திருக்கலாம், வயது அப்படி. பந்தய உடையோடு சாலையோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய், உன்னோடு பயிற்சி செய்த பிள்ளைகள் இடமில்லாமல் நிறைந்த வண்டிகளிலிருந்து கையசைத்துக்கொண்டே போனார்கள். மெக்கானிக் வந்ததும் முதல் வேலையாக டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். நாம் தினமும் இழுக்கிற அளவுக்குச் சுத்தம், அதற்கும் உள்ளே, சுருளிலேயே கிடக்கிற பகுதியில் காய்ந்த சேறு. கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. ஊர் குடிக்கிற தண்ணீரையெல்லாம் சோதனைக் கூடத்தில் உட்கார்ந்து சந்தேகப்படுகிற நான், தம்பி கொடுத்த காரைச் சந்தேகப்படவில்லை. அவன் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான். அப்பா நயமாகக் கேட்டபோது, வெளியாளுக்கு வித்தா திரும்பி வந்து சண்டை போடுவான் அத்தான், வீட்டாளுன்னா கேள்வி வராது பாருங்க என்றானாம். அதைக்கூட விட்டிருப்பேன். சித்தி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, வண்டி நல்ல வண்டிதான், எங்க அக்காவுக்குத்தான் ஓட்டத் தெரியல என்று சொன்னானே, எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், தட்டைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே நீ மறுபடி பெயர் கொடுத்திருக்கிறாய் என்றதும், பழைய கார் விற்கிற இடம் எத்தனையோ இருக்க, மாமாவின் யார்டுக்கே போனேன். சனிக்கிழமைதோறும் கூட்டம் சேருகிற நேரமாகப் பார்த்து, நீ வீட்டில் விட்டுப்போன பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அக்கா கோபம் தணிந்து வந்திருக்கிறாள் என்று முதல் வாரம் டீயெல்லாம் வரவழைத்தான். பின்பக்கம் நீண்ட எஸ்டேட் கார் ஒவ்வொன்றாகத் திறந்து சைக்கிளைப் படுக்க வைத்தேன். ஒன்றில் பின்சீட்டை மடித்தால் தரை சமமாகாமல் படிபோல் நிற்கிறது, ஒன்றில் பின்கண்ணாடி சரிந்து வந்து ஹேண்டில்பாரில் இடிக்கிறது, இன்னொன்று வெளியே பார்க்க ரயில் பெட்டி மாதிரி, உள்ளே சக்கர மேடு இரண்டு பக்கமும் தொப்பை தள்ளி நடுவில் இடமே இல்லை. முழங்கால் வலித்த வாரம் சைக்கிளை விட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன், நீளம் ஏறக்குறைய அதேதான். போதும்டி, நாலு பேர் பாக்கறாங்க என்றார் உள்ளேயிருந்து. நாலு பேர் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று கதவைச் சாத்தினேன். கால் இடித்தது, அந்தக் கார் வேண்டாம் என்று தெரிந்தது.

ஒவ்வொரு காரிலும் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன், தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தேன். ஒரு பெரியவர், என்னம்மா பாக்கறீங்க என்று கேட்டார். தண்ணீரில் நின்னதான்னு பாக்கறேன், போன தடவை வாங்கினது நின்னிருந்தது என்றேன். எங்க வாங்கினீங்க என்றார். இங்கதான் என்றேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் நான் போவதற்கு முன்பே ஆளாளுக்குப் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அக்கா, டெஸ்ட் பண்றதெல்லாம் உன் ஆபீஸோட வச்சுக்கயேன், எனக்குப் பொழப்பு நடக்க வேணாமா என்றான். நான்தான் ஓட்டத் தெரியாதவளாச்சேப்பா, பாத்துத்தானே வாங்கணும் என்றேன்.

போன சனிக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்து, வாங்குவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார்கள். மாமா எல்லாருக்கும் கேட்கும்படி, எல்லாமே நான் வீட்டுக்கு எடுத்து ஓட்டற மாதிரி வண்டிதாம்மா, வித்தியாசமே கிடையாது என்றான். இதைத்தான் இத்தனை வாரமும் எதிர்பார்த்திருந்தேன். அவன் ஓட்டுகிற சாம்பல் நிற எஸ்டேட் கார் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே நின்றது, அத்தையைக்கூடத் தொட விடமாட்டானே, அதுதான். எல்லாருக்கும் நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தேன். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி அது போய்ப் படுத்துக்கொண்டது. பெல்ட் நுனிவரை சுத்தம். எனக்கு இதைக் கொடு, நீ அங்க இருக்கறதுல ஒண்ணு எடுத்துக்கோ, வித்தியாசம்தான் கிடையாதே என்றேன். அவன் என்னைப் பார்த்தான், குழந்தை வைத்திருந்த பெண்ணைப் பார்த்தான், சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கேட்ட விலைக்கு எடுத்துக்கொண்டேன், பேரம் பேசவில்லை. சாவி என் கைக்கு வந்த பிறகு அந்தப் பெண், இன்னும் ரெண்டு இடம் பாத்துட்டு வரோங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நல்ல பெண்.

பழி வாங்கத்தான் கார் வாங்கினாயா என்கிறார் அப்பா. கார் வாங்கத்தான் போனேன், மற்றது கூடவே வந்தது. நேற்று சாயங்காலம் நல்ல மழை, மாமா போன் செய்தான். யார்டில் எடுத்த கார் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டதாம், அத்தையும் கூட இருக்கிறாளாம், அத்தானைக் கொஞ்சம் அனுப்புக்கா என்றான். வண்டி நல்ல வண்டிதான், உனக்குத்தான் ஓட்டத் தெரியல என்றேன். அத்தை நமக்கு ஒன்றும் செய்யவில்லை, அதனால் அப்பாவை அனுப்பினேன், நம் புதுக் காரில்தான். பின்சீட்டுகளை மடித்து உன் சைக்கிளைப் போட்டு வைத்திருந்தேன், அதை இறக்கி வச்சுட்டுப் போகவா என்று அப்பா கேட்டார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன். அத்தை முன்சீட்டில் ஏறிக்கொண்டாளாம். மாமா குனிந்து உள்ளே பார்த்தானாம், நீளமாக உன் சைக்கிள் படுத்திருந்ததாம், கதவைச் சாத்திவிட்டுச் சாலையோரத்திலேயே நின்றுகொண்டானாம். அவனைக் கடந்து வண்டிகள் போய்க்கொண்டிருந்தன என்றார் அப்பா. நன்றாகத் தூங்கினேன்.

நீ அவனுக்குப் போன் செய்து ஆறுதல் சொல்லாதே, சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வரும்போது ஹெல்மெட் வாரைப் புதிதாக மாற்றிக்கொண்டு வா, பழையது இற்றுப்போயிருந்தது. உடம்பு தேறி, ஏற்றம் உனக்கு இறக்கமாக அமைய அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பந்தயம் தொடங்கும் கோட்டுக்கு உன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தத் தடவை என் பொறுப்பு.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
ஓட்டத் தெரிந்த உன் அம்மா