ஓட்டல் கொடுத்த நீலச் சட்டை

எல் பாசோ,
அக்டோபர் 9

அன்பு மகளே,

பார்வையில்லாத பிள்ளைகளுக்கான கோடை முகாமில் உன் மாரிசெலா ஒரு தங்கும் ஓட்டலில் அறை வேலை பழகினாள். கடைசி நாளில் என் கண்ணைக் கட்டி, தான் விரித்த படுக்கையைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். "திருட்டுத்தனமா பாக்காத பாட்டி!" என்று அதட்டல் வேறு. ஒரு சுருக்கம் இல்லை, மகளே! மேனேஜரே கைதட்டி, "வேலைக்குக் கூப்பிடுறோம்" என்றார்.

அன்றிலிருந்து, ஓட்டலில் கொடுத்த நீலச் சட்டையைத் தினமும் தேய்த்து வைக்கிறாள்.

நேற்று ஓட்டலிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சட்டையைத் திருப்பித் தர வேண்டுமாம்.

"போன் யாரு பாட்டி?"

"ராங் நம்பர்."



இப்போதும் பக்கத்தில் நின்று தேய்க்கிறாள். "காலர் நேரா இருக்கா?" என்கிறாள்.

நேராகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா