வாத்தியம் இல்லாத இசைத்தட்டு

3 ஜூலை 1968, புதன்
காலையிலிருந்து விடாத மழை. வடாலா ஸ்டேஷனில் முழங்கால் தண்ணீர். ஆனாலும் ரெக்கார்ட் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். தட்டு வந்துவிட்டது! என் முதல் எல்.பி. அட்டையில் ஸ்டெல்லா என்று என் பெயர், சின்ன எழுத்தில். பின்பக்கம் முருகேசன் பெயர். தாராவியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். தட்டில் கேட்கும் ஊளை, ரீங்காரம் எல்லாம் அவர் செய்து தந்த ஆஸிலேட்டர் பெட்டிகளிலிருந்து, கரண்டில் ஒலி எழுப்புபவை, வந்தவை. நான் டேப்பில் பிடித்து, வெட்டி, ஒட்டி, கோத்தேன். விளம்பரத்துக்கு சோப்புப் பாட்டு ஒட்டும் அதே மேஜையில்.

அம்மா அட்டையைத் தடவிப் பார்த்தாள். அப்பா, சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர், தொடக்கூட இல்லை. "மிஷின் சத்தத்துக்குப் போயி ஒரு தட்டா?"

5 ஜூலை, வெள்ளி
மாதுங்கா ரெக்கார்ட் கடை. கடைக்காரருக்கு எந்த அடுக்கில் வைப்பதென்று திண்டாட்டம்.
"ஏம்மா, பாடறது யாரு?"
"யாரும் பாடலை சார்."
"வாத்தியம்?"
"அதுவும் இல்லை."
கடைசியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். "வரவாளுக்குப் போட்டுக் காட்டறேன், போ." நல்ல மனுஷர்.
வாங்க வேண்டியவை: பிளேடு, டேப் ஒட்டும் பசை நாடா, அம்மாவுக்குத் தைலம்.

9 ஜூலை, செவ்வாய்
இங்கிலீஷ் பேப்பரில் விமர்சனம். மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தத்தை வீட்டிலேயே கேட்கலாமாம், தட்டு எதற்கு என்கிறார் விமர்சகர். முதல் பக்கத்தின் நடுவில் நான் விட்ட மௌனத்தை ரெக்கார்டிங் கோளாறு என்று எழுதியிருக்கிறார். அதுதான் சுட்டது.
மேனேஜர் கூப்பிட்டார். "தூஸ்ரா ரெக்கார்ட் பூல் ஜாவ், ஸ்டெல்லா." அடுத்த தட்டு என்ற பேச்சே வேண்டாமாம். பாத்ரூமில் கொஞ்சம் அழுகை.
முருகேசனிடம் சொன்னேன். "பேப்பர்ல நம்மளப் பத்தி எழுதியிருக்கான்லா? பெறவென்ன!" சிரித்துவிட்டேன்.

10 ஜூலை, புதன்
வீடு திரும்பினால் அப்பா கையில் அந்தப் பேப்பர். முகம் சிவந்து.
"இவனுக்குப் பதில் எழுதணும்."
"நீங்கதான் கேக்கவே இல்லையேப்பா."
"அதான் போடுன்னுதேன். கேக்காம என்னத்த எழுத?"
கண்ணை மூடிக் கேட்டார். மௌனம் வந்தபோது கை தானாக உயர்ந்து நின்றது, பாடகர்களை நிறுத்திவைப்பது போல. சத்தம் திரும்பிய அதே நொடியில் கை இறங்கியது.
"ரெண்டாம் பக்கம் எனக்குப் பிடிக்கல."
"சரிப்பா."
"மொதப் பக்கத்த இன்னொரு மட்டம் போடு."

14 ஜூலை, ஞாயிறு
வெயில்! தமிழ் வாரப் பத்திரிகையில் குட்டி விமர்சனம்: "புரியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை." அப்பா அதைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.
மத்தியானம் ஒரு மாமி வீடு தேடி வந்தார். கமலா மாமி, செம்பூரில் நாட்டிய வகுப்பு நடத்துகிறார். மாதுங்கா கடையில் தட்டைப் போட்டுக் கேட்டாராம், விலாசமும் அங்கேயே வாங்கினாராம். "இதுக்கு ஆடணும்போல இருக்கு. மேடைக்குன்னே புதுசா ஒண்ணு பண்ணித் தருவியாம்மா?"
அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

20 ஜூலை, சனி
செம்பூர். முருகேசன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். பெண்கள் பாட்டில்லாமல் அடவு பழகுகிறார்கள். வெறுங்கால், கல் தரை. அந்தச் சத்தம்! ஆஸிலேட்டரை அணைக்கச் சொன்னேன். மைக் இப்போது தரையோடு, அந்தக் காலடிகளைப் பிடிக்க. முதல் டேக்கில் வெளியே பஸ் ஹாரன் புகுந்துவிட்டது. இரண்டாவது டேக்குக்கு மாமி கூப்பிடுகிறார்.