மொட்டை மாடியில் ஒரு சூட்டு அறை

டிச. 3, புதன்
காலையில் தூறல். கடல் காற்று. லீவு போட்டாச்சு. பத்து விரலும் மரத்துக் கிடக்கின்றன. வருஷக்கணக்கில் ஐஸ் தண்ணீரில் இறால் தரம் பிரித்த கை. கம்பெனியை விட்டு வெளியே வந்தால் திருவொற்றியூரே வேர்த்து நிற்கும். எனக்கு மட்டும் எலும்புக்குள் குளிர்.

மர வேலை செய்யும் பாஷா பாய் வந்தார். போனில் சானா வீடியோ காட்டினேன். பனி நாட்டில் மரப்பலகை அறை, உள்ளே அடுப்பு, மேலே சூடேறின கல். ஆட்கள் சும்மா உட்கார்ந்து வேர்க்கிறார்கள்.

"சானாவா? கத்திக்கு சாணை புடிக்கிறதா?"

"இல்ல பாய். குளிருக்கு."

"யக்கா, ஊரே வெந்துகினு கீது. நீ துட்டு குட்த்து வேகணும்ன்ற."

சிரித்தார். ஆனாலும் மாடிக்கு வந்து, தண்ணீர்த் தொட்டி பக்கம் அளவு எடுத்தார்.

"எத்தினி பேரு குந்தணும்?"

"ஒருத்தர்."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

டிச. 5, வெள்ளி
மரம் வந்தது. துறைமுகத்தில் மெஷின் வந்திறங்கிய பெட்டிகளை உடைத்த பைன் பலகை. மருந்து அடித்ததை எல்லாம் பாய் ஒதுக்கிவிட்டார். சூடு ஏறினால் விஷமாம்.

பலகை ஏற்றும்போது கீழ் வீட்டுக் கதவு திறந்தது. அண்ணி. பார்த்தார். மூடிக்கொண்டார்.

அண்ணன் இறந்து ரெண்டு வருஷம். அண்ணியும் நானும் சண்டை போட்டதே இல்லை. பேசியதும் இல்லை. அண்ணன்தான் மேலே நான் கேட்டதைக் கீழே சொல்வார், கீழே அண்ணி கேட்டதை மேலே சொல்வார். அவர் போன பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

வாங்க: கீல், உப்பு, தைலம்.

டிச. 9, செவ்வாய்
வேலை. பக்கத்தில் நிற்கும் மேரியிடம் சானா பற்றிச் சொன்னேன். "வேர்க்கணும்னா எண்ணூர் பஸ்ல ஏறுக்கா. நிக்கவே எடம் கெடியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டில் மணலி ஆலைக் காற்று, நாற்றம். ஜன்னலைச் சாத்தினேன். கீழே சீரியல் சத்தம். அதே சீரியலைத்தான் மேலே நானும் பார்க்கிறேன். "அடிப்பாவி" என்றார் அண்ணி. நானும் அதையேதான் நினைத்தேன்.

டிச. 13, சனி
அடுப்பு வந்தது. பழைய டிரம்மை வெட்டி வெல்டிங் வைத்தது. மேலே கருங்கல் அடுக்கியாச்சு. புகைக்குழாய் கூரை வழியாக.

"உள்தாப்பா வெக்கலக்கா" என்றார் பாய். "தனியா குந்துற ஆளு."

தனியா குந்துற ஆளு.

டிச. 14, ஞாயிறு
நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

சாயங்காலம் பற்றவைத்தேன். ஈரக்கட்டை. குழாய் வழியாகப் பாதிப் புகை, கதவிடுக்கு வழியாக மீதி. கொஞ்சம் தணிந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தேன். முதலில் முதுகு, அப்புறம் முழங்கால். விரல்கள் ஒவ்வொன்றாக உயிர் பிடித்தன. கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவு படாரென்று திறந்தது. அண்ணி, கையில் வாளி. "ஐயோ செல்வி!" வாளித் தண்ணீர் மொத்தமும் அடுப்பின் மேல். வெடித்த மாதிரி சத்தம். எங்கும் ஆவி. என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டார்.

"அண்ணி, தீப்புடிக்கல. நான்தான் பத்த வெச்சேன்."

"வேணும்னேவா?"

"குளிருது. அதான்."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. அப்புறம் திட்டு.

"பொகையா வந்துகினு கீது, கூப்டா சத்தம் இல்ல. நீயும் பூட்டியோன்னு நெனச்சேன்டி. நீயும் பூட்டா, இந்த வூட்ல நான் யார்கிட்ட பேசாம இருப்பேன்?"

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். "டீ போடட்டா?" என்றேன்.

"வாணாம்." இறங்கிப் போய்விட்டார்.

டிச. 15, திங்கள்
வேலைக்குப் போகும்போது கீழ்க்கதவு சாத்தியிருந்தது. தட்டலாம் என்று கை போனது. பஸ் வந்துவிடும் என்று போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் சாத்தியிருந்தது.

இன்றைக்குக் கீழே சீரியல் சத்தம் இல்லை. நானும் வைக்கவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

டிச. 17, புதன்
வெயில். பாய் வந்தார். பச்சைத்தண்ணி பட்டதில் டிரம்மில் வெல்டிங் விட்டுப்போயிருக்கிறது. ரெண்டு கல் பிளந்திருக்கிறது. அடுப்பைக் கழற்றிக் கீழே இறக்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன். பாதிப் படி இறங்கியிருப்பேன், கீழே அண்ணி குரல்.

"பாய், இது எப்போ சரியாவும்?"

"ஒரு வாரம் ஆவும்மா."

"சீக்கிரம் குடு. அதுக்குக் கை வெறச்சுப் போவுது." அப்புறம், "எனுக்குந்தான் முட்டி வலி கீது."

அங்கேயே நின்றுவிட்டேன். பாயிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. பாய் போனதும் ஓடி வந்து இதை எழுதுகிறேன்.

முட்டி வலியாம். எத்தனை நாளாகவோ. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது.

கீழ்க்கதவு சாத்தும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. கீழே போகிறேன்.