ஆழிமுனை வண்டிச் சாலைக்கு, அழிசியின் அச்சு முறிந்தது குறித்து

வரைமருத நாட்டின் நெடுவழிகள் நலமாக இருக்க. அவ்வழிகளில் போகும் மாடும் வண்டியும் ஆளும் போன காரியம் முடித்து வீடு சேர்க. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் முழுதும் குடை நிழலில் வைத்துக் காக்கும் கோவரைப் பெருமகனார் திருவுளம் கொண்டபடி, நெடுவழி அமைச்சர் நாகங்கிழான் எழுதுவித்த ஓலை இது. ஆழிமுனைப் பட்டினத்து வண்டிச் சாலைத் தலைவரும், கோவரைப் பெரும் பட்டறையின் வண்டிகளை விற்கவும் பழுது பார்க்கவும் அரசின் சக்கர முத்திரை பெற்றவருமான பூதங்கண்ணனார் காண்க. உமது துறைக்கு வரும் மரக்கலங்கள் பாய் கிழியாமல் வருக. உமது சாலையில் உளியும் வாய்ச்சியும் ஓயாதிருக்க.

காரியம் இது. ஆழிமுனைக்கு வடக்கே உப்பளத் தெருவில் இருக்கும் வண்டிக்காரன் அழிசி, இரண்டு மாரிக்கு முன் உமது சாலையில் ஒரு பாரவண்டி வாங்கினான். வாங்கிய அன்று அவன் கையில் உறுதியோலை ஒன்று கொடுக்கப்பட்டது. மூன்று மாரிக்காலம் முடியும் வரை அச்சோ, சக்கரமோ, சக்கரத்தின் நடுக்குடமோ மரத்தின் குறையாலோ வேலையின் குறையாலோ பழுதானால், சாலையே தன் மரத்தாலும் தன் ஆளாலும் சரிசெய்து தரும் என்பது அதன் வாசகம். ஆறு திங்களுக்கு ஒருமுறை வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்து மசகிட வேண்டும், முப்பது பொதிக்கு மேல் ஏற்றலாகாது, சாலையின் கை தவிர வேறு கை அச்சில் துளையிட்டாலும் ஆணி அடித்தாலும் உறுதி அற்றுப்போகும் என்பவை அதன் நிபந்தனைகள். நான்கு முறை மசகிட்டதற்கு உமது சாலையின் சூட்டுக்குறி வண்டியின் பின்பலகையில் இருக்கிறது. சுங்கச் சாவடி ஓலைகளின்படி அவன் ஒருபோதும் இருபத்தெட்டுப் பொதிக்கு மேல் ஏற்றியதில்லை.

மூன்றாம் மாரிக்கு இன்னும் மூன்று திங்கள் இருக்கையில், கருவாட்டுப் பொதியோடு போன அந்த வண்டி சமதரையில் அச்சு முறிந்து உட்கார்ந்தது. அழிசி பொதியை இறக்கி, ஆறு பேரைக் கூட்டி, வண்டியை மரக்கட்டைமேல் உருட்டி இரண்டு நாளில் உமது சாலைக்குக் கொண்டு சேர்த்தான். உறுதியோலை இடுப்பில் இருந்ததால் அவன் அப்போது கலங்கவில்லை.

அவன் பின்னர் கலங்கியதற்குக் காரணம் யானைக்கல் கணவாயைக் கடக்கும் வணிகச் சாத்து. அச்சாத்தில் நாற்பது வண்டிகளே போகலாம் என்பதும், ஒவ்வொரு வண்டிக்கும் இன்ன இடம் என்று குடிவழியாக வரிசை உண்டு என்பதும் நீர் அறிந்ததே. புறப்பாட்டுக் கொம்பு ஊதும்போது தன் இடத்தில் நில்லாதவனுடைய வரிசை, காத்திருக்கும் வேறொருவனுக்குப் போய்விடும்; பிறகு அவனுக்கோ அவன் பிள்ளைகளுக்கோ அது திரும்புவதில்லை. அழிசியின் இடம் ஏழாவது. தாய் ஓட்டிய இடத்தில் அவன் ஓட்டுகிறான். இவ்வாண்டு கொம்பு ஊதும் நாள் இந்த வளர்பிறையின் பதின்மூன்றாம் நாள்.

உமது சாலையில் அவனுக்கு நேர்ந்தவை வருமாறு. முதல் நாள், அச்சு பார்க்கும் தச்சர் தத்தன் ஒரு திருமணத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லப்பட்டது. மூன்றாம் நாள் தத்தன் வந்தார். ஆனால் உறுதியோலைக்குச் சாலை வைத்திருந்த படியோலை பெட்டியில் அகப்படவில்லை. அழிசி தன் கையில் இருந்த ஓலையைக் காட்டியும், பெட்டியில் இருக்கும் ஓலையே ஓலை என்று திருப்பப்பட்டான். ஆறாம் நாள் அது வேறு பெட்டியில் அகப்பட்டது. எட்டாம் நாள் தத்தன் அச்சைப் புரட்டிப் பார்த்து, கழுத்துப் பகுதியில் துருப்பிடித்த ஆணித்துளை ஒன்றையும், அங்கிருந்தே விரிசல் ஓடியிருப்பதையும் கண்டார். வேறு கை பட்டது, ஆகவே உறுதி அற்றது என்று அன்றே தீர்ப்பானது.

அழிசி வீட்டுக்குப் போகவில்லை. மாடுகளை மனைவி செல்லையிடம் ஒப்புவித்துவிட்டு, சாலை முற்றத்தில் தன் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். சாத்துத் தலைவி ஏறையார் இதைக் கேள்வியுற்றுத் தலைநகர் கோவரைக்கு முறையீடு அனுப்ப, நெடுவழிக் கண்காணி குன்றியன் குதிரையேறி வந்தார். சொன்னவர் சொல்லைச் சொன்னபடியே எழுதி வருக, திருத்தினால் உண்மை நழுவும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. ஆகவே கீழ்வரும் பேச்சில் அரண்மனை மொழி இல்லாமை கண்டு நீர் வருந்தற்க.

குன்றியன் முற்றத்தில் நுழைந்தபோது செல்லை கஞ்சிக் கலயத்தோடு வண்டிக்குக் கீழே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“பதினோரு நாளா வண்டிக்கு அடியிலயே கெடக்கியே, உன்னையும் சேத்துத்தான் பழுது பாக்கப் போறாங்களா? எந்திரிச்சு வந்து குடி.”

“நான் எந்திரிச்சா இத வெறகுக் கொட்டாய்க்குத் தள்ளிருவாங்க.”

“அப்ப உண்மையச் சொல்லு. எங்கயாச்சும் விளக்கு மாட்ட, தண்ணிக் குடுவை மாட்ட ஆணி அடிச்சியா? எங்கிட்டச் சொன்னா என்ன கொறஞ்சு போகும்?”

பதினோரு நாளில் தத்தன் சொன்ன எதுவும் அவனை அவ்வளவு சுடவில்லை. அவன் வெளியே ஊர்ந்து வந்து, கஞ்சியைத் தொடாமல் நின்றான். கண்காணி அச்சைக் காட்டச் சொன்னார். தத்தன் வந்து துளையில் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார்.

“பாத்துக்கங்க ஐயா. இது மரத்துக் கொறையா, வேலைக் கொறையா? அடிச்சவன் முன்னாடியே நிக்கிறான். கேட்டா இல்லங்கிறான்.”

“என் மாட்டுக் கொம்பத் தொட்டுச் சொல்றேன் ஐயா,” என்றான் அழிசி. “இந்த அச்சுல நான் ஒரு ஆணி அடிச்சதில்ல. என் வீட்டுக்காரி அடிச்சதில்ல. வழியில ஒருத்தனும் அடிச்சதில்ல.”

“அப்ப மழை பெஞ்சு முளைச்சுதா? உங்க உப்பளத் தெருவுல ஆணி வெதைக்கிறாங்களோ?” என்றார் தத்தன்.

முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அழிசியின் காது சிவந்தது. தான் பொய்யன் என்பது சாத்து புறப்படும் முன்னரே நாற்பது வண்டிக்காரருக்கும் தெரிந்துவிடும் என்று அவன் எண்ணினான். வரிசை போவதைவிட அது அவனுக்குப் பெரிதாக இருந்தது.

விரிசல் ஆணித்துளையில் தொடங்கியது உண்மை. வண்டிக்காரன் சொல்வதில் பொய்யின் தடுமாற்றம் இல்லாததும் உண்மை. இரண்டையும் பொருத்த வழி காணாமல் குன்றியன் அன்று அங்கேயே தங்கினார். மறுநாள் காலை, எண்ணெய் வணிகர் ஒருவர் வாங்கிய புதிய வண்டி சாலை வாசலில் நின்றது. மஞ்சள் பூசியிருந்தது, முரசு அடித்தார்கள். முதல் ஓட்டம் ஓடுமுன் உமது சாலையில் வழக்கமாக நடப்பது நடந்தது. தத்தன் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டிக்கு அடியில் புகுந்து, அச்சின் கழுத்தில் விரல் நீள ஆணியைச் சுத்தியால் மூன்று அடியில் இறக்கி, அதில் எலுமிச்சம் பழமும் சிப்பிச் சரமும் தொங்கவிட்டார்.

கண்காணி முரசை நிறுத்தச் சொன்னார்.

“தச்சரே, இப்போது அச்சில் அடித்தது என்ன?”

“எங்க? நான் ஒண்ணும் அடிக்கலையே.”

“கையில் சுத்தி இருக்கிறதே?”

“ஓ, இதுவா? இது மங்கலங்க. கண்ணு படாம இருக்க அடிக்கிறது. எல்லா வண்டிக்கும் உண்டு.”

“அது ஆணி அல்லவா?”

“ஆணின்னா ஆணிதான்,” என்றார் தத்தன். “ஆனா இத யாரும் ஆணின்னு சொல்றதில்ல.”

பின்னால் நின்ற அழிசி கண்காணிக்கு உதவும் எண்ணத்தோடு முன்வந்தான். “தச்சர் சொல்றது சரிதான் ஐயா. அது ஆணி இல்ல, மங்கலம். எனக்கும் அடிச்சாங்க. மூணு நாள்ல பழம் விழுந்துச்சு, நாங்கூட…” என்றவன் திரும்பித் தன் முறிந்த அச்சைப் பார்த்தான்.

செல்லைதான் முதலில் சிரித்தாள். “அட நாசமாப் போறவங்களா! பன்னெண்டு நாளா இதையா தேடிக்கிட்டு இருந்தீங்க?”

தத்தன் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு முறிந்த அச்சிடம் போனார். சற்று முன் தாம் அடித்த இடத்தைச் சாணால் அளந்தார். முறிந்த அச்சின் துளையையும் அளந்தார். இரண்டும் குடத்திலிருந்து ஒரே தொலைவில் இருந்தன. துளையின் விளிம்பில் ஒட்டியிருந்த துருவைச் சுரண்டியபோது, உமது கொல்லர் ஆணித்தலையில் வைக்கும் நாற்கோணக் குறியின் பாதியோடு ஓர் ஆணித்துண்டு வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. தாமே எடுத்துக் கண்காணியின் உள்ளங்கையில் வைத்தார். இதை அவருக்குரிய நன்மதிப்பாக அரசு குறித்துக்கொள்கிறது.

ஆனால் குன்றியன் அதன்பின் உமது சமையற்கொட்டிலுக்குப் பின்னே விறகுக் குவியலைப் புரட்டச் சொன்னார். அங்கே ஏழு அச்சுகள் கிடந்தன. ஏழும் கழுத்தில் விரிந்தவை, ஏழிலும் அதே இடத்தில் துளை. அந்த ஏழு வண்டிக்காரரும் வேறு கை பட்டதென்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களும் தாங்கள் ஆணி அடிக்கவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட மங்கலத்தைச் சொல்லவில்லை. உமது சாலையிலும் ஒருவருக்கும் அது நினைவில் எழவில்லை. பழம் விழுந்து, ஆணி துருப்பிடித்து, மழைநீர் துளைவழி இறங்கி மரத்தை மென்மையாக்கும் வரை ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதற்குள் மங்கலம் மறந்துபோய்த் துளை மட்டும் நிற்கிறது.

இதில் வஞ்சம் இருந்ததாக அரசு கருதவில்லை. உமது முன்னோர் சந்தன மர அச்சுக்கு வெளிப்புற இரும்புப் பூணில் அடித்ததை, பூண் வேண்டாத கருவேல அச்சு வந்தபின் உம்மவர் மரத்திலேயே அடித்தார்கள் என்று உமது முதிய கொல்லர் சொன்னது பதிவில் உள்ளது. எனினும் வஞ்சம் இல்லை என்பதனால் முறிந்த அச்சு கூடிவிடாது. அழிசியோடு எட்டுப் பேரைப் பொய்யர் என்றது இல்லாமலும் போகாது. ஒருவன் சொல் பொய் என்று தீர்க்குமுன் தன் கை செய்ததைத் தானே பார்த்துக்கொள்வது முத்திரை பெற்ற சாலையின் கடன்.

ஆகவே கட்டளை. அழிசியின் உறுதியோலை அறவில்லை. ஆணி சாலையின் கையால் அடிக்கப்பட்டது. அவன் வண்டிக்குப் புதிய அச்சு உமது மரத்தாலும் உமது ஆளாலும் இடப்படுக. இவ்வோலை வளர்பிறை ஐந்தாம் நாள் எழுதப்படுகிறது, ஏழாம் நாள் உம்மை அடையும். நல்ல அச்சு செதுக்கிப் பொருத்த எட்டு நாள் வேண்டும் என்று தத்தன் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் பச்சை மரம் இடுவதை அரசு விரும்பவில்லை. அதற்குள் கொம்பு ஊதிவிடும். எனவே சாலையில் நிற்கும் வண்டிகளுள் முப்பது பொதி தாங்கும் ஒன்றை, ஆணி அடிக்காததாகப் பார்த்து, சாத்து திரும்பும் வரை அழிசிக்குத் தருக. பிறர் வண்டியோடு நின்றால் வரிசை செல்லுமா என்று ஏறையாரிடம் கேட்கப்பட்டது. அவர் சொன்னதும் சொன்னபடியே: “வண்டி யாருதுன்னு நான் பாக்கிறதில்ல. கொம்பு ஊதறப்ப ஏழாவது எடத்துல அழிசி நிக்கணும், அவன் மாடு நிக்கணும். சக்கரம் யாரு வீட்டுதா இருந்தா எனக்கென்ன?”

ஏழு வண்டிக்காரரையும் தேடி அழைத்து அவர்களுக்கும் அவ்வாறே செய்க. இனி எலுமிச்சம் பழம் வேண்டுவோர்க்கு நுகத்தில் கயிற்றால் கட்டித் தருக. பழத்துக்குக் கயிறு போதும். உமது சாலையிலிருந்து போன வண்டிகள் எங்கெங்கே ஓடுகின்றனவோ அங்கெல்லாம் ஆள் அனுப்பி, மங்கலம் என்ற பெயரில் அச்சில் நிற்கும் ஆணிகளைப் பிடுங்கி, துளையை அரக்கால் அடைத்து, விரிந்ததை மாற்றுக. இன்னொன்றும் உண்டு. பதின்மூன்றாம் நாள் காலை, கொம்பு ஊதுமுன், தச்சர் தத்தன் சாத்து நிற்கும் மைதானத்துக்கு வந்து, நாற்பது வண்டிக்காரரும் கேட்க, ஏழாவது இடத்தில் நிற்பவன் பொய் சொல்லவில்லை என்று சொல்லுக. அவருக்கு அது கடினமாக இராது என்று குன்றியன் எழுதியிருக்கிறார். முற்றத்தில் அன்றே தத்தன் அழிசியிடம், “கொம்பத் தொட்டுச் சத்தியம் பண்ணினியே, எனக்கு அப்பவே ஒறைச்சிருக்கணும்” என்றாராம். செல்லையும் கஞ்சிக் கலயத்தை நீட்டி ஏதோ சொன்னாள். அதைக் கண்காணி எழுதவில்லை.

இந்த ஓலைக்கு மறுமொழி ஓலை வேண்டா. இவ்வோலை கொண்டு வந்தவன் அதுவரை அங்கே தங்குவான்; பிடுங்கிய ஆணிகளை ஒரு சாக்கில் கட்டி அவனிடமே தந்து அனுப்புக. எத்தனை வருகின்றன என்று கோவரை பார்த்துக்கொள்ளும். முதல் ஆணியாக, எண்ணெய் வணிகர் வண்டியில் அன்று அடித்தது இருக்கட்டும்.

கோவரைப் பெருமகனார் திருமுன் படித்துக் காட்டி, நெடுவழி முத்திரையாகிய ஆரக்கால் எட்டும் அரக்கில் பதிய ஒற்றி, அமைச்சர் நாகங்கிழான் கைந்நாட்டு இட்டது. வழி தெளிக. சொல் நிற்க.