ரஹீமாவின் பாதி

11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். உடுப்புக் காயவில்லை.

உண்மையை மட்டும் சொல்லி ஒருவரை ஏமாற்றினால் அது பொய்யா? காலையிலிருந்து யோசனை. கணிதம் படிப்பிக்கிறவளுக்கு விடையில்லாத கேள்வி பிடிக்காது.

போன வருடம் நான் பங்கு வாங்கிய கொழும்பு மென்பொருள் கம்பனியின் கடிதம். கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றோடு இணைகிறார்களாம். எங்களுடைய ஐந்து பங்குக்கு அவர்களுடைய இரண்டு தருவார்களாம். விரும்பாதவர்கள் வெள்ளிவரை சந்தையில் விற்கலாம். இப்போதைய விலை, வாங்கியதில் பாதிக்கும் கீழே.

பங்கு என் பெயரில். பாதிப் பணம் ரஹீமாவுடையது. தண்ணீரூற்றில் தையல் கடை வைத்திருப்பவர். புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் அகதி வாழ்க்கை. திரும்பி வந்து இன்னும் தகரக் கூரை. ஓடு போடச் சேர்த்த காசு. வங்கியில் போட்டால் வட்டி, அவர் மார்க்கத்தில் விலக்கு, ஹராம். போன வருடம் கேட்டார்: "பங்கெண்டா வியாபாரம்தானே ரீச்சர்? வட்டி வராதுதானே?"

"வராது" என்றேன்.

"அப்ப உங்கட பேரிலயே போடுங்கோ. உந்தப் படிவமெல்லாம் எனக்குச் சரிவராது."

12, புதன்

மழை விட்டது. தரம் பத்துக் கொப்பிகள் 34. திருத்தியது 9.

புதன் என்றால் பக்கத்து வீட்டு மலரின் முற்றத்தில் கடன் கூட்டம். பெண்கள் குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தவணை சேர்க்கிற பெண் வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"ரீச்சர், மலரக்கா எங்கையெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

மலர் என் குசினியில் நின்றாள். "போயிட்டாளோ?"

"இல்லை."

"கிணத்துக்கை குதிச்சாலும் வாளி விட்டுத் தவணை அள்ளுவாள்." இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்தப் பெண்ணின் போனில் தவணை பதிகிற செயலி எங்கள் கம்பனியுடையது. போன வருடம் இதே வேலியில் நின்றுதான் பெயரைப் பார்த்தேன். அதனால்தான் வாங்கினேன். ஊர் ஊராகக் கடன் வசூலிக்கிற செயலி, பங்கு விலை விழாது என்று கணக்கு. விழுந்தது. ரஹீமாவிடம் சொன்னது: "கம்பியூட்டர் கம்பனி."

13, வியாழன்

வெயில். தேங்காய், தேயிலை, சிவப்புப் பேனை வாங்க வேண்டும்.

பங்குப் புரோக்கர் போனில்: "இப்ப விக்காதீங்க மிஸ். சேர்ந்த பிறகு எப்படியும் ஏறும்." இறங்கும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் கடன் கம்பனி நல்ல லாபத்தில். பொறுத்தால் போட்டதில் பெரும்பங்கு மீளும். பொறுத்தால் ரஹீமா வட்டிக் கம்பனிக்குப் பங்காளி. தனக்கே தெரியாமல்.

பின்னேரம் அவர் கடைக்கு. சொல்லத்தான் போனேன்.

"வாங்கோ ரீச்சர். என்ன, எங்கட கம்பனிமாதிரி மெலிஞ்சு போனீங்கள்?" வாயில் குண்டூசிகள், அதோடேயே சிரிப்பு. "மெலிஞ்சாலும் பரவாயில்லை. ஹலாலா இருந்தாச் சரி."

தேவையில்லாத ஒரு மீற்றர் லைனிங் துணி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வழியில் முடிவு: பொறுப்பது. ஏறியதும் விற்று, ஓட்டுக் காசைக் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் விடுவது. எல்லாருக்கும் நல்லது. எழுதிப் பார்த்தால் என் கையெழுத்தே பிடிக்கவில்லை.

14, வெள்ளி

அரை நாள் லீவு. எட்டரைக்கே ரஹீமாவின் கடை. சொன்னேன். கடிதம், கடன் கம்பனி, செயலி, மலரின் முற்றம், எல்லாம்.

மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நிறுத்தினார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வாங்க முதலே."

"இண்டைக்கே வித்துப்போடுங்கோ."

"பாதிகூட வராது ரஹீமா. கொஞ்சம் பொறுத்தா..."

"நட்டம் எனக்கு விளங்கும் ரீச்சர், கடை வச்சிருக்கிறன். நீங்கள் செய்ததுதான் விளங்கேல்லை." துணியை எடுத்து மடித்தார். "காசை என்ர கணக்குக்கே அனுப்பிவிடுங்கோ. கொண்டு வர வேண்டாம்."

குறைவதை என் சம்பளத்திலிருந்து சேர்த்து அனுப்பலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

பத்தரைக்குள் ரஹீமாவின் பாதியை விற்றாயிற்று. புரோக்கருக்கு வருத்தம்.

"மற்றப் பாதி மிஸ்? உங்கட?"

"இருக்கட்டும்" என்றேன்.