குறுக்கே வந்த மான்

எல்க் ஃபோர்ட், அயோவா
24 நவம்பர் 1997

அன்புள்ள ஆர்டெல்லுக்கு,

தோள் எப்படி இருக்கிறது? மூச்சு விடும்போது விலா இன்னும் குத்துகிறதா? காரின் காற்றுப் பை வெடித்த சத்தத்தில் உன் காது இன்னும் இரைகிறது, போனை எடுத்தாலே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாய் என்று உன் மகள் கானி சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். நாற்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் எதற்குக் கடிதம் எழுதப்போகிறார்கள்.

நாம் போய்ச் சேராத அடக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஹெரால்டை நல்லபடியாக அனுப்பிவைத்தார்களாம். ஆர்கன் வாசிக்க நீ இல்லாததால் பாஸ்டரே பாட்டை எடுத்துக் கொடுத்தாராம், ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்களாம். அடக்கத்துச் சாப்பாடு அன்று சர்ச்சில் நம் பெண்கள் குழுவின், ரூத் வட்டத்தின் முறை அல்லவா, நாம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மார்லிஸ்தான் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் அவள் செய்ததுதான். ஒரு துண்டுகூட மிச்சமில்லை என்று அவளே எனக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போனான். பம்பரில் ஒட்டியிருந்த முடியைப் பிய்த்து ஒரு உறையில் போட்டுக்கொண்டு, "இந்த மாசம் எனக்கு இது பதினேழாவது மானும்மா. நல்லவேளை நேரா மோதிட்டீங்க. மானுக்கு ஒதுங்கப்போய் மரத்துல விட்டிருந்தீங்கன்னா தப்பு உங்க பேர்ல எழுதியிருப்போம்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் அவனுக்குக் காபி கொடுத்தேன்.

எனக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். உனக்கு எலும்பு நொறுங்கியிருக்கிறது. அது என்னைத் தின்கிறது, ஆர்டெல்.

உன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உன்
பெர்னீஸ்

*

சீடர் ராப்பிட்ஸ்
8 டிசம்பர் 1997

அன்புள்ள பெர்னீஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே படிக்க வேறு என்ன இருக்கிறது, கானி வாங்கும் உடற்பயிற்சிப் புத்தகங்கள்தான். அவள் வீட்டில் வெண்ணெய் கிடையாது. உப்பு கிடையாது. ஆறு மணிக்கு ஒரு மீன் துண்டும் மூன்று பச்சை இலையும் தட்டில் வைத்து, "சாப்பிடும்மா, எலும்புக்கு நல்லது" என்கிறாள். பெற்ற மகளை இதற்கு மேல் குறை சொல்லக்கூடாது.

கம்பெனி ஆள் இங்கேயும் வந்தான், டேப் ரெக்கார்டரோடு. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டான். நான் பையில் பாட்டு வரிசையைத் தேடிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். "அப்ப மான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெர்னீஸ் ஹால்வர்சன் மான்னு சொன்னா அது மான்தான், தம்பி. அவ பொய் சொல்லி நான் கேட்டதில்ல" என்றேன். அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பார்த்தாயா, உனக்காக நான் சத்தியம்கூடச் செய்வேன், நீ என் பூச்செடிக்கு அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றிச் சாகடிப்பவளாக இருந்தாலும்.

இனிக் கெட்ட சேதி. இடது தோளில் இன்னொரு ஆபரேஷன் வேண்டுமாம். என் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குக் கொடுக்கிற இன்சூரன்ஸ், கார் இன்சூரன்ஸைக் கேள் என்கிறது. கார் இன்சூரன்ஸோ, மான் வந்ததற்கு யாரும் பொறுப்பில்லை, கூட வந்தவருக்குக் கொடுக்கிற தொகையைக் கொடுத்தாயிற்று, அது முதல் வாரத்திலேயே தீர்ந்தது என்கிறது. இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள். ஆளுக்கொரு தனி எண் கொடுத்திருக்கிறார்கள். நான் இடையில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு ஆர்கன் யார் வாசிக்கிறார்கள்? பாஸ்டரின் மனைவி என்று மட்டும் சொல்லாதே.

நீ அனுப்பிய சால்வைக்கு நன்றி. நீ செய்வதற்கெல்லாம் நன்றி.

உன்
ஆர்டெல்

*

எல்க் ஃபோர்ட்
29 டிசம்பர் 1997

அன்புள்ள ஆர்டெல்,

பாஸ்டரின் மனைவிதான். மேலே இதைப் பற்றிக் கேட்காதே.

இத்துடன் லெஃப்சா ரொட்டி ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். கானி பார்க்காதபோது வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சாப்பிடு. வெண்ணெயும் உள்ளே வைத்திருக்கிறேன்.

எனக்கு ஏன் நன்றி சொல்கிறாய்? அந்தக் கடிதத்தில் நீ நன்றி என்று எழுதிய இடத்தை நான் கையால் மூடிக்கொண்டு படித்தேன். கம்பெனி ஆளிடம் என்னைப் பற்றி நீ சொன்னதையும்தான். அப்படியெல்லாம் யாருக்காகவும் உத்தரவாதம் கொடுக்காதே, ஆர்டெல். மனுஷர்கள் என்னென்னவோ செய்கிறார்கள்.

நான் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. புதுக் கார் கொட்டகையில் நிற்கிறது. கம்பெனி முழுசாகக் கொடுத்துவிட்டது, ஒரு கேள்வி கேட்காமல். கேரி அவன் வில்லால் அடித்த மானிலிருந்து சாசேஜ் செய்து கொண்டுவந்தான். ஒரு துண்டு வாயில் வைத்தேன், இறங்கவில்லை. "ஏம்மா, உப்பு கம்மியா?" என்றான் என் பிள்ளை. ஆமாம் என்றேன்.

ஆபரேஷனுக்கு என்னிடம் இருக்கும் சேமிப்பைத் தருகிறேன். மறுக்காதே. பாதிக்குக்கூட வராது என்று தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொள்.

உனக்கு இன்னும் எழுத நினைக்கிறேன். பேனாவை எடுத்தால் வானிலைதான் வருகிறது. இங்கே ஒரே பனி.

உன்
பெர்னீஸ்

*

சீடர் ராப்பிட்ஸ்
19 ஜனவரி 1998

அன்புள்ள பெர்னீஸ்,

உன் செக்கைத் திருப்பி அனுப்புகிறேன். உன் வீட்டுக் கூரையை முதலில் பார். ரொட்டியை மட்டும் திருப்பித் தர முடியாது, அது இரண்டே நாளில் போய்விட்டது.

கானி என்னை ஒரு வக்கீலிடம் அழைத்துப்போனாள். பேண்ட் மடிப்பு கத்தி மாதிரி இருக்கும் ஒரு பையன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓட்டினவங்க பேர்ல தப்பிருந்தா நீங்க அவங்க மேல கேஸ் போடலாம், அவங்க கம்பெனி உங்க ஆபரேஷனைக் கட்டும். மான்னா ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றான். கம்பெனி மேல்தானே கேஸ் என்றேன். இல்லையாம். கம்பெனி பெயர் எங்கேயும் வராதாம். ஆர்டெல் டோர்கர்சன் எதிர் பெர்னீஸ் ஹால்வர்சன் என்றுதான் காகிதத்தில் இருக்குமாம், ஷெரிப் ஆபீஸிலிருந்து ஆள் வந்து உன் கையில் கொடுப்பானாம். நினைத்துப் பார். நீ அவனையும் உட்காரவைத்துக் காபி கொடுப்பாய்.

அது மானாகப் போனதில் எனக்கு நிம்மதிதான். உன்மேல் கேஸ் போடுகிற பாவம் மிச்சம்.

ஆனால் டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைப்பானேன். வசந்தத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. ஆர்கனில் மேல் வரிசைக்கு எட்டாது. இருபத்தொன்பது வருஷம் வாசித்தாயிற்று, போதும் என்று சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது.

இன்னொன்று. இதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எனக்குக் கொஞ்சம் ஞாபகம் திரும்புகிறது. மான் இல்லை, அதை நான் பார்க்கவே இல்லை. என் குரல்தான் ஞாபகம் வருகிறது. பின்சீட்டில் உன் உருளைக்கிழங்குப் பாத்திரம் சரிகிறது, "பெர்னீஸ், பாத்திரம்" என்று நான் கத்துகிறேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் கத்தியதால்தான் நீ திரும்பினாயா? அதனால்தான் மான் வந்ததை நீ பார்க்கவில்லையா? அப்படியென்றால் என் தோளுக்கு நானே பொறுப்பு, உன்னையும் சாகடிக்கப் பார்த்திருக்கிறேன். நீ பெருந்தன்மையாகச் சொல்லாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். மூன்று வாரமாக இதே நினைப்பு. வலியைக்கூட, வேண்டும் எனக்கு என்று பொறுத்துக்கொள்கிறேன்.

உள்ளதைச் சொல். நான் தாங்கிக்கொள்வேன்.

உன்
ஆர்டெல்

*

எல்க் ஃபோர்ட்
27 ஜனவரி 1998

ஆர்டெல்,

மான் வரவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இனி நிறுத்தாமல் எழுதுகிறேன்.

அன்றைக்கு ரோடு காலியாக இருந்தது. ஹேகன் வீட்டு வளைவில் பாத்திரம் சரிந்தது. நீ கத்துவதற்கு முன்னாலேயே என் வலது கை பின்சீட்டில் இருந்தது. நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "பெர்னீஸ், பாத்திரத்த விடு. சிந்தினா சிந்தட்டும், ரோட்டப் பாரு." இரண்டு தடவை சொன்னாய். நான் விடவில்லை. நிமிர்வதற்குள் கார் ரோட்டை விட்டு இறங்கி ஓரத்துப் பள்ளத்தில் மோதிவிட்டது. ஈஸ்டர் சாப்பாட்டில் மார்லிஸின் உருளைக்கிழங்கை எல்லோரும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்கள், என்னுடையது பாதி அப்படியே திரும்பிவந்தது. இந்தத் தடவை அதிகமாக சீஸ் போட்டிருந்தேன். அதற்காகத்தான். அறுபத்தொரு வயதுப் பொம்பளை நான். உன் தோள் இதற்காகத்தான் போயிற்று.

பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஷெரிப் ஆபீஸ் பையன் ஜன்னல் பக்கம் குனிந்து, "மானா, மிசஸ் ஹால்வர்சன்?" என்றான். நவம்பரில் இங்கே வேறு எதைக் கேட்பார்கள். நான் தலையை ஆட்டினேன். அது மட்டும்தான் செய்தேன். அவனே மிச்சத்தை எழுதிக்கொண்டான். மறுநாள் கேரி காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, மான்னா முடி இருக்கணும்ல" என்றான். அவன் வேட்டையாடிக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்த மானிடம் போய்விட்டு வந்து பம்பரின் முன்னால் குந்தியதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரையை இழுத்து மூடினேன்.

உனக்குப் பணம் கிடைக்காமல் போகும் என்று அப்போது தெரியாது. டிசம்பரில் உன் கடிதம் வந்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ரொட்டி அனுப்பினேன். அதற்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்.

நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாய் என்று படித்ததும் என்னால் முடியவில்லை. இன்று காலை இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆபீஸுக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கு முதலில் எழுதினால் நடுவில் பயந்து கிழித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஏஜென்ட் காகிதத்தைக் கோப்பில் வைத்து மூடினார். பிறகு, "பாலிசியை ரத்து பண்ணிடுவாங்க பெர்னீஸ். புதுக் காருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேப்பாங்க. அரசாங்க வக்கீல் வரைக்கும் போகலாம்" என்றார். உனக்குச் சேர வேண்டியதைத் தருவார்களா என்றேன். நீ கேஸ் போட்டால் தந்தாக வேண்டும் என்றார். கேரி பெயரையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவனிடம் அதைச் சொன்னேன், இனி என்னோடு பேசமாட்டானாம்.

கேஸ் போடு, ஆர்டெல். இன்றைக்கே அந்த மடிப்புப் பையனிடம் போ. வசந்தத்துக்கு அதிக நாள் இல்லை.

மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

பெர்னீஸ்

*

சீடர் ராப்பிட்ஸ்
2 மார்ச் 1998

பெர்னீஸ்,

கேஸ் போட்டாயிற்று. வரும் வியாழக்கிழமை காகிதம் உன் வீட்டுக்கு வரும். வீட்டில் இரு. உன் வாக்குமூலம் இருப்பதால் உன் கம்பெனி சீக்கிரம் இறங்கிவரும் என்கிறார் வக்கீல். அதை நம்பி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏப்ரல் ஒன்பதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நான் ஒரு மாதம் ஏன் எழுதவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எழுதினேன். ஐந்து தடவை. ஒன்றில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். ஒன்றில் போனால் போகிறது என்று எழுதியிருந்தேன். இரண்டும் பொய்யாகப் பட்டது.

பாத்திரத்துக்காக எனக்குக் கோபம் இல்லை. நானும் ரூத் வட்டத்துக்காரிதான். என் ஆப்பிள் கேக்காக இருந்திருந்தால் நானும் கையை நீட்டியிருப்பேன். ஷெரிப் ஆபீஸ் பையனிடம் தலையை ஆட்டியதும் எனக்குப் புரிகிறது. டிசம்பர்தான் எனக்குப் புரியவில்லை. என் கடிதத்தைப் படித்தாய், என் கை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டாய், உட்கார்ந்து மாவைப் பிசைந்தாய். நான் அதைச் சாப்பிட்டுவிட்டு, பெர்னீஸ் மாதிரி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் என்று கானியிடம் சொன்னேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ சொன்ன பிறகு நான் தூங்குகிறேன் என்பதையும் எழுத வேண்டும். நான் கத்தியதால் நீ திரும்பவில்லை, விடு என்றுதான் நான் சொன்னேன் என்று தெரிந்த ராத்திரி படுத்தவள் காலை எட்டுக்குத்தான் எழுந்தேன். அதை நீதான் கொடுத்தாய். உனக்கு அதில் எவ்வளவு போயிற்று என்றும் தெரியும். கேரியிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்.

மன்னித்தேன் என்று எழுதத்தான் இன்றும் உட்கார்ந்தேன். எழுதுகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வரவில்லை.

கேஸ் முடிகிறவரை நாம் இருவரும் எழுதவோ பேசவோ கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாவது ஆகுமாம். இந்தக் கடிதத்தையே அவருக்குத் தெரியாமல்தான் அனுப்புகிறேன். நீ பதில் எழுதாதே. அவர் அதைச் சொன்னபோது கானி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் உடைந்துபோவேன் என்று நினைத்து. ஒரு வருஷம் உனக்கு எழுத வேண்டாம் என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது, பெர்னீஸ்.

இப்படிக்கு,
ஆர்டெல் டோர்கர்சன்